குதிரை எங்க போகும்னு யாருக்குங்க தெரியும்

இந்தச் சேரு காலியாங்க? உக்காந்துக்கறேன். எம் பொண்ணுதானுங்க அனுப்பிச்சா. "அம்மா, அந்த ஆன்ட்டி தனியா உக்காந்திருக்காங்க பாரு, போய்ப் பேசிட்டிரு"ன்னா. எனக்கே ஆச்சரியமாப் போச்சு. எந்த ஊர்ப் போட்டிக்குப் போனாலும், "யார்கிட்டயும் போய் உக்காந்து பேசிட்டிருக்காதம்மா"ன்னு சொல்லிட்டுத்தான் உள்ள போவா. இன்னைக்கு அவளே போன்னு அனுப்பறா. கடைசி ரவுண்டு ஆச்சே, அம்மா இங்க கெடந்து தவிக்கறாளேன்னு பாவம் பாத்திருப்பா.

சாப்பிட்டீங்களா? வெறும் பிஸ்கட்டா? அட, இதெல்லாம் ஒரு சாப்பாடுங்களா. தக்காளிச் சோறு இருக்குது, உருளைக்கிழங்கு வறுத்து வெச்சிருக்கேன். புடிங்க. கூச்சப்படாதீங்க. இது சாப்பிடற ஹாலுதானே, கல்யாணத்துக்கு வந்த மாதிரி நெனைச்சுக்குங்க. மண்டபத்தைப் புடிச்சு செஸ்ஸுப் போட்டி நடத்தறாங்க, வெளிய ஒரு வாய் காப்பிக்கு வழியில்லை. மேல கல்யாணப் பொண்ணு ரூமைத் தொறந்து விட்டிருக்காங்க பாத்தீங்களா, இந்தப் புள்ளைங்க ரெஸ்ட் எடுக்கறதுக்கு. நான் எட்டிப் பாத்தேன். பெரிய கண்ணாடி, பூ வெக்கற மேஜை, அது மேல ஒரு போர்டு. ஒருத்தி கட்டில்ல குப்புறப் படுத்துட்டு செல்போனைப் பாக்கறா. தாலி கட்டறதுக்கு முன்னாடி உக்காந்து பயந்துட்டிருக்கற ரூமு அது. இப்பவும் பயந்துட்டுத்தான் இருக்காங்க, வேற பயம்.

எம்பேரு கலாமணிங்க. ஊரு கரூரு. எங்க வீட்டுக்காரரு பஸ்ஸுக்கு பாடி கட்டற பட்டறையில சூப்பர்வைசரா இருக்காரு. ஒரே பொண்ணு, தரணிகா. ப்ளஸ் ஒன். உங்க பொண்ணு... இருங்க இருங்க, மைக்குல என்னமோ சொல்றாங்க. ஒண்ணுமில்லை, வண்டியை எடுக்கச் சொல்றாங்க. ஒவ்வொரு தடவை அந்த மைக்கு கொரகொரங்கறப்பவும் எங் காது அங்கதான் போகுதுங்க. நான் எந்திரிச்சு நின்னுட்டே பேசறேன், தப்பா எடுத்துக்காதீங்க. 

இன்னைக்கு இவ ஜெயிச்சாத்தானுங்க உண்டு. ஜெயிச்சா ஸ்டேட் டீம், அங்கிருந்து நேஷனல். தோத்தா இதோட சரி. எங்க வீட்டுக்காரரு கண்டிசனாச் சொல்லிட்டாரு. "அடுத்த வருசம் ப்ளஸ் டூ. ஒண்ணு டீமுல வரணும், இல்லைன்னா போர்டை மடிச்சுப் பரண்ல போட்டுரணும்"னு. அவருக்கு என்னங்க, சொல்லிட்டுப் பட்டறைக்குப் போயிருவாரு. பஸ்ஸுல கூட்டிட்டுப் போறதும் வாறதும் நான்தானே. விடியக் கருக்கல்ல எந்திரிச்சு, கட்டுச்சோறு கட்டி, சேலத்துக்கும் திருப்பூருக்கும் நாமக்கல்லுக்கும். பஸ்ஸுல எந்தோள்ல சாஞ்சு தூங்குவா. வீட்டுல அவ அறைக் கதவைச் சாத்திக்கறா, பள்ளிக்கூடத்துல நமக்கு என்ன வேலை. எனக்கு எம் பொண்ணு கெடைக்கறதே இந்தப் போட்டி நாள்லதானுங்க. இதுவும் போச்சுன்னா, போங்க, அதை நெனைச்சா சோறு எறங்க மாட்டேங்குது.

சொல்ல வந்ததை விட்டுட்டேன். இந்த வருசம் எங்க ரெண்டு பேருக்கும் ஒரு சண்டை. சண்டைன்னா வாய்ச் சண்டை இல்லீங்க. வாயே பேசாத சண்டை. எதுக்குன்னு கேளுங்க, ஒரு குதிரைக்கு.

உங்களுக்கு செஸ்ஸு தெரியுமுங்களா? தலையை ஆட்டறீங்க, கொஞ்சம் தெரியும்போல. நானும் அப்படித்தான். அவ சின்னதுல கிளாஸுக்குப் போறப்ப வெளிய பெஞ்சுல உக்காந்திருப்பேன், காதுல விழுந்தது எல்லாம் மண்டையில ஏறிருச்சு. எம் பொண்ணு எப்பவுமே ராஜாவுக்கு முன்னாடி இருக்கற சிப்பாயை ரெண்டு கட்டம் தள்ளித்தான் ஆரம்பிப்பா. அதுக்கு அடுத்த தள்ளுலயே பக்கத்துச் சிப்பாயைப் பலி குடுத்துருவா. இந்தா, சாப்புட்டுக்கோன்னு. எதிர்ல இருக்கறவ சாப்புட்டான்னா முடிஞ்சுது, இவ பிஷப்பும் ராணியும் பாய்ஞ்சு வந்துரும். பாக்கவே நல்லா இருக்குமுங்க. தைரியமா, வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுன்னு. ராத்திரி என்னைய எதிர்ல உக்கார வெச்சு ஆடிக் காட்டுவா. "பாரும்மா, இங்க மாட்டிக்குவாங்க"ன்னு சிரிப்பா. எனக்கு எல்லாமே மனப்பாடம்.

அப்படி இருந்தவதானுங்க நாமக்கல்லுல தோத்துட்டு வந்தா. எனக்கு அந்த நாள் நல்லா ஞாபகம் இருக்குது. அங்க ஒரு பொம்பளை, நல்ல மாதிரி, உங்களை மாதிரியே தனியா உக்காந்திருந்தாங்க. எங்கிட்ட இட்லி வாங்கிச் சாப்பிட்டாங்க. மத்தியானம் வரைக்கும் ரெண்டு பேரும் ஒறம்பரை சொந்தம் மாதிரி பேசிட்டிருந்தோம். நான் இந்தப் பலி எப்படி, எந்தச் சிப்பாய், சாப்புட்டா என்ன ஆகும், சாப்புடாம விட்டா என்ன ஆகும், எல்லாம் பெருமையா சொல்லிட்டிருந்தேன். அவங்க பொண்ணுக்கும் எம் பொண்ணுக்கும்தான் அடுத்த ரவுண்டுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. பாருங்க, அந்தப் பொண்ணு எல்லாத்தையும் படபடன்னு ஆடிருச்சு. யோசிக்கவே இல்லை. என்ன அதிர்ஷ்டமோ. நான்கூட அந்தம்மாகிட்ட, "உங்க பொண்ணுக்கு நல்ல மூளைங்க"ன்னு கையைப் புடிச்சு சொல்லிட்டு வந்தேன்.

பஸ்ஸுல வர்றப்ப தரணிகா கேட்டா, "அம்மா, அந்த ஆன்ட்டிகிட்ட என்ன பேசிட்டிருந்தே?"ன்னு. "சும்மா, ஊர்க்கதை"ன்னேன்.  அந்தப் பக்கம் ஜன்னல்ல தலையை வெச்சுட்டா. எந்தோள்ல சாயலை.

திருப்பூர்லயும் இதே கதை. அங்க ஒரு அப்பா, பேங்குல வேலையாம், மரியாதையான மனுசன். அவரு பையனும் இதே மாதிரிப் படபடன்னு. ராசி சரியில்லைன்னு நான் சனீஸ்வரனுக்கு வெளக்குப் போட்டேன்.

அதுக்கு அப்புறம்தானுங்க இவ குதிரையைப் புடிச்சா.

சிப்பாயைத் தொடறதே இல்லை. முதல்ல நகர்த்தறதே குதிரை. ராஜா பக்கத்துக் குதிரையைத் தூக்கி முன்னாடி வெச்சுட்டு, கையைக் கட்டிட்டு உக்காந்துக்கறா. எதிராளி என்ன பண்றான்னு பாக்கறா. அவன் இப்படிப் போனா இவ அப்படி. அவன் அப்படிப் போனா இவ இன்னொண்ணு. சில நாள் ராணிச் சிப்பாயைத் தள்ளறா, சில நாள் ஓரத்துக்கு அடுத்த சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளி, பிஷப்பை மூலையில ஒளிச்சு வெக்கறா. சில நாள் ரெண்டாவது குதிரையையும் எடுத்து வெச்சுட்டு, அப்பவும் ஒண்ணும் சொல்றதில்லை. எங்க போவான்னு யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. அதுதானுங்க எனக்கு ஆகாது.

நான் நேரா அவங்க கோச்சுகிட்டயே போய்க் கேட்டேன். லோகேஸ்வரன் சாருன்னு, சின்ன வயசுதான். "என்ன சார், நல்லா அடிச்சு ஆடிட்டிருந்த புள்ளையை இப்படி ஆக்கிட்டீங்க?"ன்னேன். அவரு சிரிக்கறாரு. "நான் சொல்லலைங்கம்மா, அவளாத்தான் கேட்டா. எதிராளிக்கு முன்கூட்டியே தெரியாத மாதிரி ஒரு ஓப்பனிங் இருக்குதா சார்னு கேட்டா. குதிரை ஒண்ணுதான் சிப்பாய் வழி விடாமலே தாண்டி வெளிய வரும். வந்து நின்னாலும் எதையும் காட்டிக் குடுக்காது. எதிராளி ராஜாச் சிப்பாயை ரெண்டு கட்டம் தள்ளினா அடிச்சுரும், அவ்வளவுதான் தெரியும். மீதி எல்லா வழியும் தொறந்தே இருக்கும். சிப்பாயை ஒரு தடவை தள்ளிட்டா அது திரும்பி வராதுங்கம்மா, குதிரை வேணும்னா வீட்டுக்கே திரும்பிக்கும்"ன்னாரு.

எனக்குப் புரியாமலா இருக்குது. அடுப்புல ஒலையை வெச்சுட்டு, சோறு ஆக்கறதா கஞ்சி வெக்கறதான்னு அப்புறம் பாத்துக்கற மாதிரி. நான் தப்புன்னு சொல்லலை. ஆனா ஒலை வெச்சவளுக்காவது தெரியணுமே என்ன ஆக்கப் போறோம்னு. வீட்டுல சோத்துக்குக் காத்திருக்கறவங்களுக்கும் சொல்லணுமே. "இன்னைக்கு என்ன கண்ணு ஆடப் போறே?"ன்னு கேட்டா, "குதிரைம்மா"ங்கறா. "அதுக்கப்புறம்?" "தெரியாதும்மா." எல்லாத்துக்கும் இதே பதில். "காலேஜுல என்ன படிக்கப் போறே?" "தெரியாதும்மா." "உன் ஃப்ரெண்டு அந்தப் பொண்ணு ஏன் இப்ப வீட்டுக்கு வர்றதில்லை?" "தெரியாதும்மா." ராத்திரி எதிர்ல உக்கார வெச்சு ஆடறதும் நின்னு போச்சு. எங்கிட்ட என்ன தப்புங்க? நான் என்ன அந்நியமா? பெத்தவகிட்ட மறைக்க என்ன இருக்குது?

இல்லைன்னு சொல்லக் கூடாது, ஜெயிக்கறா. குதிரையைப் புடிச்சதுலயிருந்து ஜெயிச்சுட்டுத்தான் வர்றா. ஆனா ஜெயிச்சுட்டு வந்து, "ஜெயிச்சுட்டேம்மா"ன்னு சொல்றதோட சரி. எப்படின்னு சொல்றதில்லை. நான் மத்தவங்ககிட்ட என்னத்தைச் சொல்லுவேன்?

ஆனா இன்னைக்கு பாருங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன். என்னால வயித்துல வெச்சுக்கவே முடியலை. இன்னைக்கு அவளே எங்கிட்ட சொல்லிட்டாளுங்க!

இப்பத்தான், சாப்பிடறப்ப. கடைசி ரவுண்டுல யாருக்கு யாருன்னு பேரிங்கைக் காலையிலயே ஒட்டிட்டாங்க, இவளுக்கு வெள்ளைக் காய், எதிர்ல பிரகதின்னு ஒரு பொண்ணு. கோயமுத்தூராம். கண்ணாடி போட்டுட்டு, ரெட்டைச் சடை. நீங்க பாத்திருப்பீங்க. அவங்கம்மா யாருன்னு எனக்குத் தெரியலை, காலையிலயிருந்து தேடறேன். காருல வந்து காருல போற ஆளுங்களா இருக்கும், நம்மளோட எங்க பேசப் போறாங்க. அந்தப் பொண்ணு காலையிலயிருந்தே பொண்ணு ரூமுல உக்காந்து, இவ குதிரையை எப்படி மடக்கறதுன்னுதான் படிச்சுட்டிருக்குதாம். கோச்சு போன்ல வேற சொல்லிக் குடுக்கறாராம். எம் பொண்ணு கண்ணால பாத்திருக்கா. எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு. அப்பத்தான் இவ சோத்தைத் தின்னுட்டே எங் கையைப் புடிச்சா. எச்சக் கையோட. பாருங்க, இந்த மணிக்கட்டுல ஒரு பருக்கை ஒட்டிட்டிருந்துது, நான் தொடைக்கக்கூட இல்லை. புடிச்சுட்டு மெதுவாச் சொல்றா. "அம்மா, இன்னைக்குக் குதிரை இல்லைம்மா. பழையபடி ராஜாச் சிப்பாய். நம்ம பழைய பலிதான். உனக்குத்தான் அது நல்லாத் தெரியுமே. யார்கிட்டயும் சொல்லிராதம்மா"ன்னு.

'நம்ம' பலின்னா. என் பலின்னு சொல்லலை. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. எத்தனை நாளாச்சு அவ எங் கையைப் புடிச்சு. அப்புறம்தான் உங்களைக் காமிச்சு, போய்ப் பேசிட்டிருன்னா.

யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உங்ககிட்ட சொன்னா என்ன, நீங்க என்ன ஊர் பூரா தண்டோராப் போடப் போறீங்களா. உங்க பொண்ணு எந்த போர்டுன்னு நான் கேக்கவே...

ஏனுங்க, எந்திரிச்சுட்டீங்க? பொண்ணுக்குத் தண்ணி குடுக்கணுமா? போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க. தட்டை அப்படியே வையுங்க, நான் பாத்துக்கறேன். பொண்ணு ரூமு மாடியில இடக்கைப் பக்கம்.

வந்துட்டீங்களா! ரொம்ப நேரம் ஆயிருச்சு. தண்ணி குடுக்கவா இவ்வளவு நேரம்னு நெனைச்சேன். மூச்சு வாங்குதே, மாடிப்படியா? உக்காருங்க. இல்லை உக்காராதீங்க, மைக்குல கூப்பிட்டாச்சு. எல்லாரும் உள்ள போறாங்க. வாங்க, கண்ணாடிக் கதவுகிட்டப் போயிருவோம். ஆரம்பிக்கறப்ப அஞ்சு நிமிசம் போட்டோ எடுக்க விடுவாங்க, அப்புறம் திரையை இழுத்துருவாங்க. இந்தப் பக்கம் வாங்க, எம் பக்கத்துல நில்லுங்க, இங்கிருந்து நல்லாத் தெரியும்.

அதோ, மேடைக்கு முன்னாடி, முதல் வரிசை. மாப்பிள்ளை பொண்ணு உக்கார்ற மேடைக்கு நேர் கீழ. பச்சைச் சுடிதாருதான் எம் பொண்ணு. எதிர்ல அந்தப் பிரகதி. பாருங்க, அந்தப் பொண்ணு மூஞ்சி, காலையில எப்படி இருந்துது, இப்ப எப்படித் தெளிவா இருக்குது. சிரிக்கக்கூட செய்யுது. கை குடுத்துக்கறாங்க.  உங்க கையைக் கொஞ்சம் புடிச்சுக்கறேன். உங்க கையும் சில்லுன்னு இருக்குதே!

கடியாரத்தைத் தட்டிட்டாங்க. இப்பப் பாருங்க. ராஜாவுக்கு முன்னாடி இருக்கற சிப்பாயி. கையை நீட்டறா. அங்கதான் போகுது, அங்கதான்...

ஐயோ.

குதிரைங்க. குதிரையைத்தான் எடுத்து வெச்சிருக்கா.

என்னங்க இவ! எங்கிட்ட அப்படிச் சொல்லிட்டு, கடைசி நேரத்துல மனசை மாத்திக்கிட்டா பாருங்க. இதுதானுங்க இவ கொணம். பயந்துட்டா போல. கையைக் கட்டிட்டு உக்காந்துட்டா பாருங்க, ஒண்ணும் தெரியாத புள்ளையாட்டம். பயந்த மாதிரியும் தெரியலையே.

அந்தப் பொண்ணு ஏன் ஒண்ணும் ஆடாம இருக்குது? மூஞ்சி செத்துப் போச்சு. போர்டைப் பாக்காம கதவை ஏன் பாக்குது? இங்கதான் பாக்குது. முறைக்குதுங்க. என்னையா? நான் என்ன பண்ணேன் அதை? இல்லை, என்னைய இல்லை. எனக்குப் பக்கத்துல...

அக்கா.

உங்க பொண்ணு பேரு என்னங்க?

ஏன் தலையைக் குனிஞ்சுக்கறீங்க? கேட்டதுக்குச் சொல்லுங்க. காலையிலயிருந்து தேடறேன்னு சொன்னேனே, ஒரு வார்த்தை, நான்தாங்கன்னு சொல்லக் கூடாதா? என் தக்காளிச் சோறைச் சாப்பிட்டீங்களே. நான் வாயால கொட்டுனதை எல்லாம் முழுங்கிட்டு, தண்ணி குடுக்கறேன்னு மாடிக்குப் போனீங்களே. போய் என்ன சொன்னீங்க? காலையிலயிருந்து படிச்சதை எல்லாம் தூக்கிப் போடு, குதிரை இல்லையாம், பலியாம்னா? நல்லா இருப்பீங்க. எம் பொண்ணு வந்து அன்னைக்கே கேட்டா, அந்த ஆன்ட்டிகிட்ட என்ன பேசுனேன்னு. அப்போ அந்த நாமக்கல்லுக்காரி... இல்லை இல்லை, அவ நல்ல பொம்பளை. அது வேற.

இருங்க. கொஞ்சம் இருங்க.

உங்களைக் காமிச்சது எம் பொண்ணுதானே. அந்த ஆன்ட்டி தனியா உக்காந்திருக்காங்க, போய்ப் பேசிட்டிருன்னு. அவளுக்கு நீங்க யாருன்னு தெரியாமயா காமிச்சா? அந்தப் பிள்ளைக்கு ரெட்டைச் சடை பின்னிவிட்டது நீங்களாத்தானே இருக்கும், அதைப் பொண்ணு ரூமுல அவ பாத்திருப்பா இல்ல?

அப்போ எங்கிட்ட சொன்னது.

எனக்குத் தெரிஞ்சா உங்களுக்குத் தெரிஞ்சுரும்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்குது. பாத்தீங்களா. என் வாயை எம் பொண்ணு அவ்வளவு நம்பியிருக்கா.

சிரிக்கறதா அழுவறதான்னு தெரியலை எனக்கு. மூளைக்காரிங்க எம் பொண்ணு. அங்க பாருங்க, உங்க பொண்ணு இன்னும் ஒரு காயைத் தொடலை, கடியாரம் ஓடிட்டிருக்குது. ஜெயிச்சுருவாளுங்க. டீமுல வந்துருவா. இன்னும் எத்தனையோ ஊருக்கு நாங்க பஸ்ஸுல போவோம். அதுதானே நானும் கேட்டேன், சாமிகிட்ட. அதுக்குத்தானே வெளக்குப் போட்டேன். அப்புறம் ஏன் எனக்கு இப்படி வலிக்குது?

உங்க பொண்ணு இன்னும் உங்களைத்தான் பாக்குது. நீங்க நிமிர்ந்து பாருங்க, பாவம். எம் பொண்ணு இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு தடவை திரும்பினா போதுமுங்க எனக்கு. அதோ, திரையை இழுக்கறாரு அந்த நடுவரு. சார், ஒரு நிமிசம், சார்... இழுத்துட்டாரு.

நீங்களும் ஒரு பொண்ணைப் பெத்தவங்கதானே. நான் உங்க மேல கோபமா இல்லை, வாங்க, உக்காருவோம், இன்னும் ரெண்டு மூணு மணி நேரம் ஆகும். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க எனக்கு. அவ வாயில வந்தது பொய்யி. சரி. ஆட்டத்துக்கு வேணும், சொல்லிட்டா. ஆனா எச்சக் கையோட எங் கையைப் புடிச்சாளே, இங்க, பருக்கை ஒட்டற மாதிரி, விடாம புடிச்சுட்டு இருந்தாளே. சொல்லி முடிச்ச பொறகும் கொஞ்ச நேரம் விடலைங்க. அதுவும் பொய்யாங்க?

இவ்வளவு நேரம் நானே பேசிட்டேன். இப்பவாவது நீங்க வாயைத் தொறந்து சொல்லுங்க.